பிணக்கும் மறுப்பும்: ஆங்கிலச் சொற்கள் சில

ஆங்கில அகராதியைத் துணைக்கொண்டு கட்டுரை எழுத முற்படும் மாணவனொருவன் 'ஆகியூ' என்னும் சொல்லுக்கு எதிரே 'வாதிடு' என்று காண்கின்றான். சில பக்கங்களைப் புரட்டி 'டிபேற்' என்பதைப் பார்க்கின்றான், அங்கும் 'வாதிடு'. 'டிஸ்பியூற்' என்பதற்கும் ஏறத்தாழ அதுவே. ஒரே தமிழ்ச் சொல்லின் நிழலிலே மூன்று நான்கு ஆங்கிலச் சொற்கள் ஒதுங்கியிருப்பதைக் காணும் அவன், எதனை எடுத்தாண்டாலும் பொருள் ஒன்றே என்னும் முடிவுக்கு வந்துவிடுகின்றான். அவனைக் குறைகூறுவதற்கில்லை. ஆங்கிலேயருக்கே இம்மயக்கம் உண்டு. மருத்துவராகவும் றோயல் சங்கத்தின் செயலாளராகவும் விளங்கிய பீற்றர் மார்க் றோஜே என்பார் 1852 இல் வெளியிட்ட சொற்களஞ்சியம், கருத்துமுறையாற் சொற்களைத் தொகுத்துத் தந்தது. எழுதுவோன் தன் எண்ணத்துக்குச் சரியாகப் பொருந்தும் சொல்லைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். பின்வந்தோர் பலரோ, ஒரு சொல்லுக்குப் பதிலாக இன்னொன்றை எடுத்து வைக்க உதவும் பண்டகசாலையாகவே அதனைப் பயன்படுத்தினர்.

இச்சொற்களிடையே உள்ள வேறுபாட்டை விளக்க முற்படுவோர் பெரும்பாலும் வெப்பமானியொன்றைக் கையில் எடுத்துக்கொள்வர். 'டிஸ்கஸ்' என்பது குளிர்ந்தது. 'ஆகியூ' சற்றுச் சூடானது. 'குவொறல்' கொதிப்பது என்பர். வகுப்பறைக்கு இது போதுமாயிருக்கலாம். ஆயின், சொற்களை அவை வழங்கும் இடங்களிலே வைத்து நோக்குமிடத்து இவ்வளவுகோல் உதவாது போகின்றது. பிணக்குக்குப் பெயர் இடுபவர் யார், பிணங்கியவர்கள் பின்னரும் ஒரே அவையில் இருக்கின்றார்களா என்பனவே இச்சொற்களைப் பிரித்து நிற்கும் வினாக்கள் எனத் தோன்றுகின்றது.

முதலில் 'ஆகியூ' என்பதையே எடுத்துக்கொள்ளலாம். இதனை அடுத்து வரும் சிறு சொல் அதன் குணத்தையே மாற்றிவிடுகின்றது. 'தற்' என்னும் இணைப்புச்சொல் வருமாயின், நியாயங் காட்டி ஒன்றை நிலைநாட்டுதல் என்று பொருள்படும். ஆராய்ச்சிக் கட்டுரையின் மொழி அது. 'ஃபோ' என்பது வருமாயின் ஒரு கொள்கைக்காகப் பரிந்து பேசுதலாகும். 'வித்' என்பது வந்துவிட்டாலோ நூலகத்திலிருந்த சொல் தெருவுக்கு இறங்கிவிடுகின்றது. விரிவுரையாளரொருவரின் கருத்தை மறுத்துச் சில நியாயங்களை முன்வைத்த மாணவன், அவருக்கு எழுதும் கடிதத்திலே, தான் அவருடன் ஓர் 'ஆகியூமென்ற்' கொண்டதாகக் குறிப்பிட்டால், நியாயத்தை அன்றிச் சச்சரவையே அவன் ஒப்புக்கொண்டவனாகின்றான். அதே பெயர்ச்சொல் தத்துவ நூலிலே, எடுகோள்களிலிருந்து முடிவுக்குச் செல்லும் நியாயத் தொடரைக் குறிக்கும். அங்கு இரண்டாம் ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. தனியொருவன் தன் அறையிலிருந்து ஓர் 'ஆகியூமென்ற்'றை உருவாக்கலாம். அதே அறையில் இருவர் இருந்து, கதவு அடித்துச் சாத்தப்பட்டால் அதுவும் 'ஆகியூமென்ற்' தான்.

இதன் உரிச்சொல் வடிவம் இன்னும் வழுக்கலானது. வழக்கறிஞர் ஒருவர் தம் கட்சிக்காரனின் வழக்கு 'ஆகியூவபிள்' என்று சொன்னால், நீதிமன்றம் கேட்கத்தக்க அளவுக்கு அதில் நியாயம் உண்டு என்பது கருத்து; கட்சிக்காரன் ஆறுதல் அடையலாம். நூல் மதிப்புரை எழுதும் பேராசிரியர் ஒருவர், நூலாசிரியரின் முடிபு 'ஆகியூவபிள்' என்று எழுதினால், அம்முடிபை அவர் நம்பவில்லை என்பது கருத்து. ஆறுதலும் ஐயமும் ஒரே சொல்லிலே குடியிருக்கின்றன.

இச்சொல்லின் மூலமாகிய இலத்தீன் வினை, தெளிவாக்கிக் காட்டுதலையும் குற்றஞ்சாட்டுதலையும் குறித்தது. விளக்குதலும் விரல்நீட்டுதலும் தொடக்கத்திலேயே பிரியாதிருந்தன என்பது கவனிக்கத்தக்கது. ஏனைய சொற்களின் பிறப்பும் அத்துணைச் சாந்தமானதன்று. 'டிபேற்' என்பது பழைய பிரெஞ்சு மொழியில் அடித்து வீழ்த்துதலைக் குறித்த சொல். இடைக்கால ஆங்கிலத்திலும் அது சண்டை என்னும் பொருளிலே வழங்கியதுண்டு. இன்று மிகுந்த அமைதியுடையதாகக் கருதப்படும் 'டிஸ்கஸ்' என்பதோ உலுப்பிச் சிதறடித்தல் என்னும் இலத்தீன் பொருளிலிருந்து வந்தது. 'றிபற்' என்பது முட்டித் தள்ளுதல். ஆட்டுக்கடா செய்வதைத்தான் வழக்கறிஞரும் செய்கின்றார் போலும். இவற்றிடையே 'டிஸ்பியூற்' மாத்திரம் வேறு குலத்தைச் சேர்ந்தது: கணக்கிடுதல், எண்ணிப்பார்த்தல் என்பன அதன் வேரின் பொருள்கள், அவ்வினை கிளைகளைக் கழித்துத் துப்புரவாக்குதலையும் குறித்தது என்பர். ஆயின், இன்றைய வழக்கிலே எல்லைக்காணியும் கூலியும் சம்பந்தப்பட்ட நீண்ட பிணக்குகளுக்கே அப்பெயர் இடப்படுகின்றது. பிறப்பைக்கொண்டு சொல்லின் நடத்தையை அறியலாம் என்போர் இவ்விடத்தில் இடறிவிடுவர்.

வீட்டுக்குள்ளும் சந்தையிலும் வழங்கும் சொற்கள் வேறொரு செய்தியைச் சொல்லுகின்றன. 'குவொறல்' என்பது முறைப்பாடு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது. ஒருவர்மீது ஒருவருக்குள்ள மனக்குறையே அதன் கரு. ஆகையால், முன்பின் அறியாதவரோடு 'ஆகியூ' பண்ணலாமாயினும், 'குவொறல்' பெரும்பாலும் உறவும் நட்பும் உள்ள இடத்திலேயே நிகழ்கின்றது. 'பிக்கர்' என்பது இன்று கணவன் மனைவி சின்னஞ்சிறு காரியங்களுக்காக ஓயாது முணுமுணுப்பதைக் குறிப்பதாயினும், முன்னாளிற் படைகளின் கைகலப்பைக் குறித்தது. எடின்பரோ நகரிலே சிறுவர்கள் தெருவுக்குத் தெரு அணிவகுத்துக் கல்லெறிந்து செய்த சண்டைக்கும் அதுவே பெயர். நாவலாசிரியர் வோல்ரர் ஸ்கொற் தம் சிறுபராயத்தில் அத்தகைய சண்டையில் நின்றதை எழுதியுள்ளார். கல்லெறி காலப்போக்கிலே சொல்லெறியாகக் குறுகிவிட்டது.

'ஸ்குவொபிள்' என்னும் சொல் சிறப்பாக ஆராயத்தக்கது. அற்ப காரியத்துக்காக எழும் இரைச்சலான பூசல் என்பது அதன் பொருள். இதனை ஒருவர் தம் பிணக்குக்குத் தாமே இடுவது அரிது. தாம் நிகழ்த்துவது போராட்டம், உரிமைக்கோரிக்கை, கொள்கை வேறுபாடு. 'ஸ்குவொபிள்' எப்போதும் மற்றவர்களுடையது. ஆகவே, இச்சொல்லைக் கையாள்பவன் இரு கட்சிகளையும் கேளாமலே தீர்ப்பு வழங்கிவிடுகின்றான். அத்தீர்ப்பு யாதெனின், இங்கு விசாரிப்பதற்கு ஒன்றுமில்லை என்பதாகும். கிணற்றுப் பங்குக்காக இரு குடும்பங்கள் தலைமுறையாக முரண்பட்டு நிற்பதை வழிப்போக்கன் 'ஸ்குவொபிள்' எனலாம். தண்ணீர் இல்லாதவன் அவ்வாறு சொல்லமாட்டான். வெப்பமானியால் இதனை அளத்தல் இயலாது. சூடு இரு பக்கத்திலும் ஒன்றே. வேறுபடுவது பார்ப்பவன் நிற்கும் இடம். பத்திரிகைத் தலைப்புகளில் இச்சொல் மலிந்து காணப்படுவதற்கு அதன் சுருக்கம் மாத்திரம் காரணமன்று.

'றாங்கிள்' என்பதும் இழிவுச் சொல்லே. எனினும், கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திலே கணிதத் தேர்வில் முதல் வகுப்பிற் சித்தியடைந்தோருக்கு 'றாங்கிளர்' என்பது பட்டமாயிற்று. தேர்வு வாய்மொழியாகவும், ஒருவர் நிறுவ மற்றவர் மறுக்கும் முறையிலும் நடைபெற்ற காலத்தின் எச்சம் அது. பின்னர் தேர்வு முற்றாக எழுத்துக்கு மாறியது. மண்டபத்திலே ஒரு சொல்லும் பேசாது தாள்களை நிரப்பியவர்களே 'சச்சரவுக்காரர்' எனப் போற்றப்பட்டனர். தரவரிசையை வெளியிடும் வழக்கம் 1909 வரை நிலவியது. 1890 இல் பிலிப்பா ஃபோசற் என்னும் பெண் எல்லா ஆடவரையும் விஞ்சிய புள்ளிகளைப் பெற்றபோது, அவருக்கு அப்பட்டத்தை வழங்க விதி இடந்தரவில்லை. முதலாம் 'றாங்கிளர்'க்கு மேலே என்று வாசிக்கப்பட்டதோடு காரியம் முடிந்தது.

தமிழிலும் வடமொழி மரபிலும் பயின்றவர்களுக்கு இங்கு ஒரு வேறுபாடு புலப்படும். நியாய சூத்திரம் விவாதத்தை வாதம், ஜல்பம், விதண்டை என மூவகைப்படுத்துகின்றது. உண்மையை அறிய விழைவது வாதம். எவ்வாறேனும் வெல்ல விழைவது ஜல்பம். தனக்கென ஒரு நிலையின்றிப் பிறர் நிலையைத் தகர்ப்பது மாத்திரம் விதண்டை. பேசுவோனின் நோக்கமே இப்பகுப்பின் அடிப்படை. அவற்றுட் கடைசிச் சொல் 'விதண்டாவாதம்' எனத் தமிழின் அன்றாடப் பேச்சிலும் வேரூன்றிவிட்டது. ஆங்கிலத்தில் அதற்கு நேரான ஒற்றைச் சொல் இல்லை. 'கவில்', 'குவிபிள்' என்பன அருகில் வருவன. ஆயின் அவை அற்பக் குற்றம் பிடித்தலையே சுட்டும், நிலையின்மையைச் சுட்டா. நோக்கத்தைக்கொண்டு பெயரிடும் மரபு ஆங்கிலத்திலே பெரிதும் வளரவில்லை எனலாம்.

ஒரே சொல் இரு நாடுகளிலே எதிர்ப்பொருள் தருவதும் உண்டு. 'மூற்' என்பது பழைய ஆங்கிலத்தில் ஊர்க்கூட்டத்தைக் குறித்தது. சட்டமாணவர்கள் கற்பனை வழக்குகளை வாதிட்டுப் பழகும் மன்றத்துக்கும் அதுவே பெயர். 'மூற்' ஆன விடயம் என்றால் இங்கிலாந்திலே இன்னும் வாதிடத்தக்கது. அமெரிக்காவிலோ இனி வாதிட்டுப் பயனில்லாதது. 'ரேபிள்' என்னும் வினை இதனினும் பிரசித்தமானது. பிரேரணையொன்றை மேசைமீது வைத்தல் என்றால் பிரித்தானியருக்கு உடனே எடுத்துப் பேசுதல், அமெரிக்கருக்கு ஒத்திப்போடுதல். 1941 இறுதியில் வாஷிங்டனிலே இரு நாட்டுப் படைத்தலைமையினரும் கூடியபோது, ஓர் அறிக்கையை 'ரேபிள்' செய்வதா இல்லையா என்று நீண்டநேரம் கசப்போடு வாதாடிய பின்னரே, இரு சாராரும் ஒன்றையே வேண்டி நின்றனர் என்பது தெரியவந்ததாக வின்ஸ்ரன் சேர்ச்சில் தம் போர் வரலாற்றிலே குறிப்பிடுகின்றார்.

'டினை', 'றிஃபியூற்' என்பவற்றின் வேறுபாடு இன்று கண்முன்னே அழிந்துகொண்டிருக்கின்றது. முன்னது இல்லையென்று சொல்லுதல். பின்னது இல்லையென்று சான்றுகாட்டி மெய்ப்பித்தல். குற்றஞ்சாட்டப்பட்ட அமைச்சர் வெறுமனே தலையசைத்து மறுத்ததையும் பத்திரிகைகள் 'றிஃபியூற்' செய்தார் என எழுதும்போது, அவர் மெய்ப்பிக்காத ஒன்றை அவருக்காக அச்சொல் மெய்ப்பித்துவிடுகின்றது. மொழி மாறுவது இயல்பே என்று இதனை ஏற்றுக்கொள்வோர் உளர். எல்லா மாற்றமும் ஒரே விலையுடையதன்று.

மரியாதைச் சொற்களின் இயல்பு வேறு. ஆங்கில நீதிமன்றங்களில் 'மரியாதையுடன்' என்று தொடங்கும் வழக்கறிஞர், நீதிபதி தவறிவிட்டார் என்கிறார். 'மிகுந்த மரியாதையுடன்' எனின், பெரிதும் தவறிவிட்டார். 'அதியுயர்ந்த மரியாதையுடன்' எனின், சொல்லத்தகாதது ஒன்றை அவர் அடக்கிக்கொள்கின்றார். மரியாதை பெருகப் பெருக உடன்பாடு தேய்கின்றது.

'டிஸகிறீ' என்னும் பொதுச் சொல் இவை எல்லாவற்றையும் விடச் சாதுவானது. உணவொன்று உடலுக்கு ஒவ்வாமற் போவதையும் ஆங்கிலேயர் அச்சொல்லாலேயே சொல்லுவர். பலாப்பழம் ஒத்துக்கொள்ளவில்லை என்று தமிழரும் சொல்லுகின்றனர். அவ்வகையில் இரு மொழிகளும் ஒத்துக்கொள்கின்றன. இச்சொல்லோடு பிறந்த தொடர் ஒன்று உண்டு: வேறுபடுவதற்கு உடன்படுதல். 1770 இல் ஜோர்ஜ் வைற்ஃபீல்ட் அமெரிக்காவிலே காலமானபோது, அவருடைய விருப்பத்தின்படியே இலண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்த ஜோன் வெஸ்லி அத்தொடரைக் கையாண்டார். இரட்சிப்புக்குரியோரை இறைவன் முன்னரே தெரிந்துவைத்துள்ளானா என்னும் வினாவில் அவ்விருவரும் 1739 முதலே பிளவுபட்டு நின்றவர்கள். தன் கருத்தை ஏற்காதவனே தன்னைப் பற்றிப் பேசவேண்டும் என்று ஒருவர் விரும்பியிருக்கின்றார். இன்று கூட்டங்களை விரைவில் முடிப்பதற்கு அத்தொடர் பயன்படுகின்றது.

பிணங்கிய பின்னரும் ஒரே கூரையின்கீழ் இருத்தல் என்னும் இக்கருத்துக்கு ஆங்கிலம் கொண்டுள்ள கனமான சொல் 'டிசென்ற்' என்பதாகும். வேறாக உணர்தல் என்பது அதன் இலத்தீன் பொருள். ஒரு மனிதனோடு 'டிஸகிறீ' செய்யலாம். 'டிசென்ற்' செய்வதோ ஒரு குழுவின் முடிபிலிருந்து. அதனை அடுத்து வரும் 'ஃபுறம்' என்னும் சொல், 'இலிருந்து' எனப் பொருள்படுவது. உள்ளே இருந்தவனே அதிலிருந்து விலகிப் பேச இயலும். வெளியாள் எவ்வளவு உரத்து மறுப்பினும் அது 'டிசென்ற்' ஆகாது. தமிழில் 'மறுப்பு' என்றால் எதிரியினதும் ஆகலாம். 'கருத்து வேறுபாடு' என்றால் நண்பர் இருவரினதும் ஆகலாம். உறுப்பினனாய் இருந்துகொண்டே, தோல்வி உறுதியென அறிந்தும், தன் வேறுபாட்டைப் பதிவில் எழுதி ஒப்பமிடுதல் என்னும் செயலை ஒரு சொல்லில் அடக்குதல் கடினமாயிருக்கின்றது.

அச்சொல்லுக்கு விலையும் இருந்தது. 1662 இல், திருச்சபையின் வழிபாட்டு நூலை முழுமையாக ஏற்குமாறு சட்டம் பணித்தபோது, அதற்கு இணங்காத ஏறத்தாழ 2000 குருமார் தம் பதவிகளை இழந்தனர். அவர்வழிவந்தோர் 'டிசென்ரர்' எனப்பட்டனர். அது மனநிலையின் பெயரன்று, சட்டத்தின் முன் அவர்களுடைய தகுதியின் பெயர். ஒக்ஸ்போட்டிலும் கேம்பிறிட்ஜிலும் சமயச் சோதனைகள் பெரும்பாலும் நீக்கப்பட 1871 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதுகாறும் அவர்கள் தமக்கெனக் கல்விக்கூடங்களை நிறுவினர். விஞ்ஞானி ஜோசப் பிறீஸ்ற்லி அத்தகைய ஒன்றிலே கற்று, இன்னொன்றிலே கற்பித்தார்.

சொல்லின் முழுக் கனத்தையும் அறிய வேண்டுமாயின் 1941 ஆம் ஆண்டின் வழக்கொன்றை நோக்கவேண்டும். போர்க்காலப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 18 பி, ஒருவர் பகைத்தொடர்புடையவர் என நம்புவதற்கு உள்நாட்டு அமைச்சருக்கு நியாயமான காரணம் இருக்குமாயின், விசாரணையின்றித் தடுத்துவைக்க அதிகாரமளித்தது. 1940 மே மாதத்தில் றொபேட் லிவர்சிட்ஜ் என்பவர் அவ்வாறு சிறையிலிடப்பட்டார். காரணம் யாது என்று அவர் கேட்டார். அமைச்சர் அதனைக் கூறக் கடமைப்பட்டவரா என்பதே பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் ஐவர் முன் வந்த வினா. காரணம் இருப்பதாக அமைச்சர் நேர்மையாக எண்ணினாற் போதும் என்று நால்வர் தீர்த்தனர். அற்கின் பிரபு ஒருவரே வேறுபட்டார். 'காரணம் இருக்குமாயின்' என்பது 'காரணம் இருப்பதாக அவர் எண்ணுவாராயின்' என ஒருபோதும் பொருள்படாது என்றார் அவர். ஒருவனுக்குக் கணுக்கால் முறிந்திருக்குமாயின் என்பதும், முறிந்திருப்பதாக அவன் எண்ணுவானாயின் என்பதும் ஒன்றல்ல என்றார். தான் விரும்பிய பொருளையே சொல் தரும் என வாதிடும் முட்டைமனிதனை, லூயிஸ் கரோலின் சிறுவர் நூலிலிருந்து தம் தீர்ப்புக்குள்ளே கொண்டுவந்தார்.

குண்டுவீச்சின் தழும்பு ஆறாத இலண்டனிலே, படையெடுப்பின் அச்சம் நீங்காத ஆண்டிலே இது சொல்லப்பட்டது. முட்டைமனிதனைப் பற்றிய பகுதியை மறுபரிசீலனை செய்யுமாறு பிரபுக்கள் சபையின் தலைமை நீதியமைச்சர் முன்னரே தனிப்படக் கடிதம் எழுதியிருந்தார், அற்கின் இணங்கவில்லை. தீர்ப்பின் பின்னர், பெரும்பான்மையினருள் ஒருவராகிய மோம் பிரபு (நாவலாசிரியர் சமசெற் மோமின் தமையனார்) 'ரைம்ஸ்' பத்திரிகைக்கே கடிதம் எழுதிக் குறைகூறினார். ஒரே அமர்வில் இருந்த நீதிபதி பத்திரிகையிலே சகநீதிபதியைச் சாடுவது அபூர்வம். முறைப்படி வேறுபட்டவர் அற்கின். முறைமீறிப் பிணங்கியவர் பெரும்பான்மையைச் சேர்ந்தவர். வெப்பமானி இங்கும் பிழையாகவே காட்டியிருக்கும்.

அற்கின் 1944 இல் காலமானார். 1963 இல் றீட் பிரபு, பெரும்பான்மைத் தீர்ப்பை மிக விநோதமானதொன்றாகக் குறிப்பிட்டார். 1979 இல் டிப்ளொக் பிரபு, அந்நால்வரும் தவறினர், அற்கினே சரி என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் காலம் வந்துவிட்டது என்றார்.

ஆயின் அவ்விரண்டுக்கும் முன்னரே அத்தீர்ப்பை அசைத்த வழக்கு இலங்கையிலிருந்து சென்றதாகும். 1945 ஆம் ஆண்டின் புடைவைக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்கீழ், வியாபாரியொருவர் தொழிலைத் தொடரத் தகுதியற்றவர் என நம்புவதற்கு நியாயமான காரணங்கள் இருக்குமாயின், அவருடைய அனுமதிப்பத்திரத்தைக் கட்டுப்பாட்டாளர் நீக்கலாம். அவ்வாறு நீக்கப்பட்ட நக்குட அலி என்னும் வியாபாரி, உறுதிகேள் எழுத்தாணை கோரி, ஈற்றில் கோமறைக் கழகம் வரை சென்றார். 1950 இல் றட்கிளிஃப் பிரபு வழங்கிய தீர்ப்பு, அச்சொற்களுக்கு அற்கின் கண்ட பொருளையே தந்தது: காரணங்கள் உண்மையில் இருத்தல் வேண்டும், அதிகாரி அவ்வாறு எண்ணுவது போதாது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தனித்து நின்று சொன்னது, இலங்கைப் புடைவை வியாபாரியொருவரின் வழக்கிலே சட்டமாயிற்று. எனினும், கட்டுப்பாட்டாளர் நீதிபதியைப் போற் செயற்படக் கடமைப்பட்டவர் அல்லர், ஆகவே அந்த எழுத்தாணை அவருக்கு எதிராகச் செல்லாது என்றும் அதே தீர்ப்புக் கூறிற்று. வியாபாரியின் மேன்முறையீடு தள்ளுபடி செய்யப்பட்டது.